பின்பக்கத் தளத்தைச் சுற்றி அதிகம் வேலை வைக்காத பாத்திகள்

கேள்வி: நாங்கள் கோவையை அடுத்த சூலூர் பக்கம் குடியிருக்கிறோம். கரிசல் மண், போர் தண்ணீர். வீட்டுக்குப் பின்னால் மேற்குப் பார்த்து 16 அடிக்கு 14 அடி கோட்டா கல் தளம் போட்டிருக்கிறோம். அதன் இரண்டு பக்கமும் 3 அடி, எதிரே காம்பவுண்டு சுவர் வரை 4 அடி மண் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன் ஒருவர் வந்து கொரியன் புல், வரிசையாக மஞ்சள் துரந்தா, நடுவில் இட்லிப்பூ, மீதி இடத்தில் கறுப்பு ஷீட் விரித்து வெள்ளைக் கூழாங்கல் என்று அழகாகச் செய்து கொடுத்தார். இன்று புல்லில் பாதி கோரை. இட்லிப்பூ மஞ்சளடித்து நிற்கிறது. துரந்தாவை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டியிருக்கிறது. கூழாங்கல்லுக்கு நடுவிலும் களை. ஓரத்தில் கட்டிய செங்கல் வரம்பால் மழை பெய்தால் தளத்தில் தண்ணீர் நிற்கிறது. எனக்கு 64 வயது, முட்டி வலி, குனிய முடியவில்லை. வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவோம். இரண்டு வயதுப் பேரன் வந்து போவான். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பேவர் பிளாக் போட்டுவிடலாமா, செயற்கைப் புல் விரிக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர்கள் கோனோகார்பஸ் மரம் வைத்து மறைப்பு செய்யச் சொல்கிறார்கள். என் கணவருக்கு ஒரு பவளமல்லி வேண்டுமாம்.

பதில்: அம்மா, வணக்கம். முதலில் பேவர் பிளாக் கேள்வியை முடித்துவிடுகிறேன். வேண்டாம். மேற்குப் பார்த்த தளத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வெயில் முழுதாக இறங்கும். இப்போதே கோட்டா கல் சுட்டு, இருட்டிய பிறகும் சூடு விடாமல் இருக்கும். சுற்றியிருக்கும் மண்ணையும் கல்லால் மூடிவிட்டால் மாலையில் அங்கே நாற்காலி போட்டு உட்கார முடியாது. செயற்கைப் புல் அதைவிட மோசம். சித்திரை வெயிலில் அதன்மேல் உங்கள் பேரன் வெறுங்காலோடு நடக்க முடியாது. சில வருஷத்தில் நைந்து, பிளாஸ்டிக் துணுக்குகளாக மண்ணில் கலக்கும்.

செடியைக் குறைத்தால் வேலை குறையும் என்று நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில் வேலை வருவது இரண்டே வழிகளில். ஒன்று, வெறும் மண். எங்கெல்லாம் மண் வெயில் பார்க்கிறதோ அங்கெல்லாம் களை வரும். இன்னொன்று, வளர நினைக்கும் செடியை வளர விடாமல் பிடித்து வைப்பது. உங்கள் துரந்தா விட்டால் ஆள் உயரத்துக்கு மேல் போகக்கூடிய செடி. அதை ஒன்றரை அடியில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்கோல் கேட்பது அதன் இயல்பு. ஒன்றரை அடிதான் வளரும் செடியை அந்த இடத்தில் வைத்தால் கத்தரிக்கோலே தேவைப்படாது. துரந்தாவின் மஞ்சள் காய் குழந்தைகளுக்கு ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துவிடலாம்.

இட்லிப்பூவின் கதை வேறு. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இரும்புச் சத்துக் குறைவு. கரிசலில் சுண்ணாம்பு அதிகம். வீடு கட்டும்போது கொட்டிய சிமென்டும் காரையும் அந்தப் பாத்திக்குள்தான் புதைந்து கிடக்கும். போர் தண்ணீரும் உப்பு. மண்ணில் இரும்பு இருந்தாலும் இந்தச் செடியால் அதை எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும், கொஞ்ச நாளில் மறுபடி மஞ்சளாகும். ஆயுள் முழுக்க மருந்து கேட்கும் செடி உங்களுக்கு வேண்டாம். ஆசையாக இருந்தால் இரண்டை மட்டும் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த தொட்டிக்கு மாற்றி, மழைநீர் பிடித்து ஊற்றிப் பாருங்கள்.

கறுப்பு ஷீட் விரித்தும் களை ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றும். களை ஷீட்டுக்கு அடியிலிருந்து மட்டும் வருவதில்லை. கூழாங்கல்லுக்கு நடுவில் தூசி சேரும், இலை விழுந்து மக்கும், நாளடைவில் ஷீட்டின் மேலேயே மண் உண்டாகிவிடும். காற்றில் வரும் விதை அங்கே முளைத்து, ஷீட்டின் இழைக்குள் வேரை விட்டுக்கொள்ளும். பிடுங்கினால் பாதியில் அறுந்துவிடும். கோரையோ அடியிலிருந்தே ஷீட்டைக் குத்திக்கொண்டு மேலே வரும், அதன் முளை அவ்வளவு கூர்மை. அதனால் ஷீட்டை முழுதாக எடுத்துவிடுங்கள். கூழாங்கல்லைத் தூக்கி எறிய வேண்டாம். கழுவி, வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு மட்டும் கொட்டிக்கொள்ளுங்கள். சன்ஷேடிலிருந்து விழும் தண்ணீர் சுவரில் சேறாகத் தெறிக்காது. சுவரில் கரையான் ஏறினாலும் உடனே கண்ணில் படும். அந்த ஒரு அடியில் செடியும் கூடாது, மூடாக்கும் (மண்ணில் வெயில் படாமல் மேலே பரப்பும் மட்டை, சருகு) கூடாது.

அடுத்து செங்கல் வரம்பு. தளத்தைவிட உயரமாக ஒரு வரம்பு கட்டுவது எல்லா இடத்திலும் பார்க்கும் பழக்கம், ஆனால் உங்கள் தளத்துக்கு அது அணை. 224 சதுர அடித் தளத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். அது பாத்திக்குப் போக வேண்டிய தண்ணீர். நம் பக்கம் வருஷ மழையே 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதிலும் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். வரம்பை இடித்துவிட்டு, கடப்பா கல்லை 9 அங்குல அகலப் பட்டைகளாக வெட்டச் சொல்லி, மண்ணுக்குள் குத்தாக நிறுத்துங்கள். மேல் விளிம்பு தளத்தோடு சமமாக இருக்க வேண்டும், ஒரு நூல்கூட மேலே வரக் கூடாது. கல்லும் கல்லும் சேரும் இடத்தைச் சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும். இது மூன்று வேலை செய்யும். தளத்துத் தண்ணீர் தடையில்லாமல் பாத்திக்கு இறங்கும். அருகம்புல் வேர் அடியில் புகுந்து கல் இடுக்குக்கு வராது. நீங்கள் பெருக்கும்போது குப்பையைக் குனிந்து அள்ளாமல் அப்படியே பாத்திக்குள் தள்ளிவிடலாம். காய்ந்த இலைதானே, அது அங்கேதான் இருக்க வேண்டும்.

பாத்தி மண் தளத்தைவிட 4 அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். மேலே 3 அங்குலம் மூடாக்கு போட்ட பிறகும் ஒரு அங்குலம் இறக்கம் மிச்சமிருக்கும். பாத்தியை மேடாக்கி மண் கொட்டுவதுதான் அழகு என்று கொத்தனாரோ தோட்டக்காரரோ சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு மழைக்கும் சேறு தளத்துக்கு வரும், கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இனி கோரை. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுப் பாத்தி போட்டவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு கோரையை மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். தண்டின் அடியில் சுண்டைக்காயைவிடச் சிறிய, கறுத்த, நார் மூடிய கிழங்கு இருக்கும். அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர் ஓடி அடுத்த கிழங்குக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்று. சங்கிலியாக இருக்கும்வரை முன்னால் இருக்கும் கிழங்கு முளைக்கும், பின்னால் இருப்பவை உறங்கும். மண்வெட்டியால் கொத்தினாலோ, ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் இயந்திரம்) விட்டாலோ சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைத்துவிடும். ஒருமுறை நன்றாகக் கொத்திவிட்ட பிறகு கோரை முன்னைவிட அதிகமாக வந்தது என்று பலர் சொல்வது இதனால்தான். கையால் இழுத்தால் இலை மட்டும் வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும்.

அதன் பலவீனம் காய்ந்து போவது. ஈரமில்லாமல் வெயிலில் சில நாள் கிடந்தால் கிழங்கு செத்துவிடும். உங்கள் கடிதம் சித்திரையில் வந்தது நல்லதாகப் போயிற்று. கொரியன் புல்லை மூன்று அங்குல மண்ணோடு செதுக்கி எடுத்து வெளியே அனுப்பிவிடுங்கள். பிறகு பாத்திக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தி, ஒரு அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் நெம்பிக் கட்டிகளாகப் புரட்டிப் போடச் சொல்லுங்கள். வெட்டக் கூடாது, நெம்ப வேண்டும். கரிசல் காய்ந்திருக்கும்போது கட்டி கட்டியாகத்தான் பெயரும், அது நல்லதுதான். கட்டிகள் இரண்டு வாரம் வெயிலில் காயட்டும். அப்புறம் உடைத்து, கண்ணில் படும் கிழங்கு, சிமென்டுக் கட்டி, ஓட்டுத் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். வைகாசியில் வேண்டுமென்றே தண்ணீர் விடுங்கள். மிச்சமிருக்கும் கோரை முளைக்கும். முளைத்து மூன்று வாரத்துக்குள் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். ஆனியிலும் ஆடியிலும் இதேபோல இன்னொரு சுற்று. களைக்கொல்லி அடிக்கலாமே என்று யாராவது சொன்னால், குழந்தை புழங்கும் இடம், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த வேலையை நீங்கள் குனிந்து செய்யத் தேவையில்லை. தோட்டக்காரருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை துரந்தா வெட்டக் கொடுக்கும் கூலியை இந்த நாலு மாதம் இதற்குக் கொடுங்கள்.

கோரை இப்படி ஒழிவதற்கு முன் எந்தச் செடியும் நடாதீர்கள். நட்ட பிறகு செடியின் தூருக்குள் முளைக்கும் கோரையை எடுக்கவே முடியாது.

மண்ணைச் சரிசெய்ய ஒரு லோடு செம்மண் கொட்டச் சொல்வார்கள். அதில் பாதி நேரம் கோரைக் கிழங்கும் சேர்ந்தே வந்து இறங்கும். ஏரி வண்டலும், சரியாக மக்காத சாணமும் அப்படித்தான். கரிசலில் ஆற்று மணல் கலப்பதும் உதவாது. கொஞ்சம் மணல் கலந்த கரிசல் காய்ந்தால் இன்னும் கெட்டிப்படும். கரிசலுக்கு வேண்டியது மக்கிய உரம் மட்டும்தான். நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ பாத்தி முழுக்க 2 அங்குலம் பரப்பி, மேல் அரை அடியில் கலந்துவிடுங்கள். உங்கள் மூன்று பாத்தியும் மூலைகளோடு சேர்த்து 172 சதுர அடி வருகிறது, அதற்கு ஏறக்குறைய 29 கன அடி உரம் தேவை. தென்னை நார்க் கழிவு உங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மக்க வைத்ததை மட்டும் வாங்குங்கள். பச்சையாகப் போட்டால் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். மண்ணை ஒருமுறை கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்ப்பதும் நல்லது. இதெல்லாம் ஆவணிக்குள் முடியட்டும்.

செடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும். தெற்குப் பக்கம் நல்ல வெயில் என்று தோட்டப் புத்தகங்களில் போட்டிருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. கோவை வடக்கு 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேராக வந்து, அதற்குப் பிறகு வடக்கே சாய்ந்துவிடும். ஆகஸ்ட் கடைசி வாரம் வரை வடக்கேதான். மார்கழியில் நன்றாகத் தெற்கே போய்விடும். உங்கள் தெற்குப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் கட்டடம் இருந்தால், அது 20 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், மார்கழி நண்பகலில் அதன் நிழல் 13, 14 அடி வரை விழும். அப்படியென்றால் தெற்குப் பாத்தி குளிர்காலம் முழுக்க நிழலில் இருக்கும், வைகாசியில் அதே பாத்தியின் மேல் உச்சி வெயில் நேராக விழும். நிழல் செடி வைத்தால் கோடையில் கருகும், வெயில் செடி வைத்தால் மழைக்காலத்தில் சோம்பிப் போகும். கட்டடம் எதுவும் இல்லை, வெட்டவெளிதான் என்றால் இந்தக் கவலை கிடையாது. ஆனாலும் நான் சொல்லும் செடி அங்கேயும் நிற்கும்.

தெற்குப் பாத்திக்கு மருள். நம் வறண்ட புதர்க்காடுகளில் தானாக வளரும் செடி, வெயிலும் தாங்கும் நிழலும் தாங்கும். கிடைக்காவிட்டால் நர்சரியில் ஸ்னேக் பிளான்ட் என்று விற்கும் பாம்புக் கற்றாழை. மஞ்சள் கரை போட்டதை வாங்காமல் முழுப் பச்சை இலை வகையாக வாங்குங்கள், உச்சி வெயிலில் அதுதான் கருகாது. இரண்டுமே அடியில் பக்கக் கிழங்கு விட்டுப் படரும், கடப்பா கல் வரம்பு அதை எல்லைக்குள் நிறுத்தும். அதற்கு முன்னால் ஓரமாக ரெயின் லில்லி. கோடை மழை ஒன்று பெய்து மூன்று, நாலு நாளில் பாத்தி முழுக்கப் பூக்கும். அந்தச் சமயத்தில்தான் அந்தப் பாத்திக்கு வெயிலும் கிடைக்கும், ஒன்றுக்கொன்று பொருந்திப் போகிறது. ஒரு எச்சரிக்கை. ரெயின் லில்லியின் இலை கோரை இலையைப் போலவே இருக்கும். சந்தேகம் வந்தால் அடித்தண்டை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரை. லில்லிக்கு விளிம்பு இருக்காது. அதன் கிழங்கு வாயில் போடக்கூடியது இல்லை, பேரன் தோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்குப் பாத்திதான் உங்கள் தோட்டத்தின் முகம். மூலைகளோடு சேர்த்து 22 அடி நீளம், 4 அடி அகலம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று நேராக அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும், மாலை வெயிலும் அங்கிருந்துதான். அங்கே காம்பவுண்டு சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மூன்றடிக்கு ஒன்றாக ஆறு நந்தியாவட்டை வையுங்கள். ஏழாவது இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அடுக்குப் பூவைவிட ஒற்றைப் பூ வகை காற்றுக்கும் மழைக்கும் நன்றாக நிற்கும். ஐந்து, ஆறு அடி உயரத்தில் தானாகவே உருண்டையாக அடைத்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு வெட்டுப் போதும், அதுவும் வேண்டுமென்றால்தான். மழைக்காலத்தில் விரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழு இலையைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். தலைக்குப் பின்னால் இரண்டு பெரிய நீலக் கண் மாதிரிப் புள்ளிகள், வாலில் சின்னக் கொம்பு. பயந்து மருந்து அடிக்காதீர்கள். அரளியையும் நந்தியாவட்டையையும் தின்று வளரும் அந்துப்பூச்சியின் புழு அது. சில கிளை மொட்டையாகும், ஒரு மாதத்தில் மறுபடி துளிர்த்துவிடும்.

நந்தியாவட்டையை ஒடித்தால் பால் வடியும். அதனால்தான் அதைப் பின்வரிசைக்குத் தள்ளினேன். முன்வரிசையில் இரண்டடிக்கு ஒன்றாக பதினோரு டிசம்பர் பூச்செடி. அது நம் மண்ணின் செடி, கரிசல் அதற்குப் பிடிக்கும், இரண்டரை, மூன்று அடிக்கு மேல் போகாது. நெருக்கமாக வளர்ந்து தரையை முழுக்க மூடும். பேரன் அதைத் தாண்டிப் பின்னால் போக முடியாது. ஊதா, வெள்ளை, கோடு போட்டது என்று கிடைக்கும். என் யோசனை ஒரே நிறம். பதினொன்றும் ஊதாவாக இருந்தால் மார்கழியில் அந்தப் பக்கம் முழுக்க ஊதா. கலந்து வைத்தால் எதுவும் எடுப்பாக இருக்காது. பூ முடிந்ததும் மாசியில் தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டிவிட வேண்டும். வெட்டியதை அங்கேயே துண்டாக்கிப் பாத்தியில் போட்டுவிடலாம்.

வடக்குப் பாத்தி சுலபம். சமையலுக்கு ஆகிறதை அங்கே வையுங்கள். எலுமிச்சைப் புல் நாலு தூர், மூன்றடிக்கு ஒன்று. இடையில் கற்பூரவல்லிக் குச்சிகளை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் படர்ந்து மண்ணை மறைத்துவிடும். பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை, தெருவில் யார் வீட்டிலாவது இருக்கும். எலுமிச்சைப் புல்லின் இலை விளிம்பு கையை அறுக்கும், அதனால் தளத்து ஓரத்தில் வைக்காமல் பாத்தியின் பின்பக்கமாக வையுங்கள்.

பவளமல்லியைத் தவிர மொத்தம் ஆறே வகைச் செடி. நர்சரிக்குப் போனால் இருபது வகை வாங்கத் தோன்றும். ஒவ்வொரு வகைக்கும் தண்ணீர்க் கணக்கு, வெட்டும் காலம், பூச்சி எல்லாம் வேறு வேறு. இருபது வகை இருக்கும் பாத்தியை எந்தத் தோட்டக்காரராலும் நினைவில் வைத்துப் பார்க்க முடியாது.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அரளி வறட்சி தாங்கும், பூவும் அழகு, ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். இரண்டு வயதுக் குழந்தை வரும் வீட்டில் வேண்டவே வேண்டாம். உண்ணிச்செடியை அலங்காரச் செடியாக விற்கிறார்கள், அது முதுமலைக் காட்டையே மூடிக்கொண்டிருக்கும் செடி. காகிதப்பூவுக்கு முள் உண்டு, பூவும் உதிர்ந்து காற்றில் தளம் முழுக்கப் பறக்கும். கோனோகார்பஸ் மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் வேண்டாம். வெளிநாட்டு மரம், சீக்கிரம் பச்சைச் சுவர் மாதிரி வரும் என்பதால் எல்லோரும் வைத்தார்கள். விடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேர் குழாய்க்குள் போகும். குஜராத் அரசு 2023-ல் அதை நடவே தடை போட்டது. நீங்கள் கேட்கும் மறைப்பை அந்த நந்தியாவட்டை இரண்டாம் வருஷத்தில் கொடுத்துவிடும்.

புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். ஆடிப்பட்டம் விதைக்குச் சரி. நர்சரிப் பையிலிருந்து வரும் செடியை ஆடிக் காற்றில் நட்டால் இலை காய்ந்துவிடும். புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழை வேர் பிடிக்க வைக்கும். பெரிய பையில் பூத்துக் குலுங்கும் செடியை வாங்காதீர்கள். ஒரு அடிச் செடி மலிவு, வேரும் சுருண்டிருக்காது, ஒரு வருஷத்தில் பெரியதை எட்டிப் பிடித்துவிடும். நட்டதும் பாத்தி மொட்டையாகத்தான் தெரியும். அதைப் பார்த்து நடுவில் இன்னும் நாலு செடி சொருகாதீர்கள்.

மொட்டை இடத்துக்குத்தான் மூடாக்கு. 3 அங்குல கனத்துக்கு 43 கன அடி வேண்டும். உமி, கடலைத் தொலி எல்லாம் ஆடிக் காற்றில் பறந்து தளத்துக்கு வந்துவிடும். உங்கள் ஊரில் தேங்காய் உரிமட்டைக்குப் பஞ்சமில்லை. இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிய மட்டையை வாங்குங்கள். கனமாக இருக்கும், பறக்காது, ஈரம் பிடித்து வைக்கும், மக்க ஒன்றரை, இரண்டு வருஷம் எடுக்கும். தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் விடுங்கள். தெற்குப் பாத்தியில் லில்லி வரும் ஓரத்தில் ஒரு அங்குலம் போதும்.

தண்ணீருக்கு, மூடாக்கு போடுவதற்கு முன்பே 16 மில்லிமீட்டர் இன்லைன் டிரிப் குழாய் (சொட்டும் துளைகள் உள்ளேயே அமைந்த சொட்டுநீர்க் குழாய்) விரித்துவிடுங்கள். மேற்குப் பாத்திக்கு இரண்டு வரிசை, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று. தெற்குப் பாத்திக்குத் தனி வால்வு, ஏனென்றால் மருளுக்கு மற்றச் செடிகளுக்கு விடும் தண்ணீரில் கால்வாசிகூடத் தேவையில்லை. அதிகமானால் அழுகும். மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு. கடைக்காரர் பிரஷர் காம்பென்சேட்டிங் வகையை (ஒரே அளவாகச் சொட்டும், ஆனால் நல்ல அழுத்தம் கேட்கும்) காட்டினால் வேண்டாம் என்று சொல்லி, சாதா இன்லைன் கேளுங்கள். தண்ணீரை நேரத்துக்குத் தானாகத் திறந்து மூடும் பேட்டரி டைமர் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். சோலனாய்டு (மின்காந்த வால்வு) வகை குறைந்த அழுத்தத்தில் சரியாக வேலை செய்யாது, பால் வால்வ் (உருண்டை சுழன்று திறக்கும் வால்வு) வகைதான் உங்களுக்கு. நீங்கள் ஊரில் இல்லாத இரண்டு மாதத்தை அதுதான் பார்த்துக்கொள்ளும். போர் தண்ணீர் உப்பு துளைகளை அடைக்கும், அதனால் முன்னால் ஒரு டிஸ்க் ஃபில்டர் (தட்டு அடுக்கு வடிகட்டி) போடுங்கள். மாதம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் தண்ணீர் ஓட விடுங்கள். அந்த மூடிகளை மூடாக்குக்கு அடியில் புதைக்காமல் தளத்து ஓரத்தில் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள்.

முதல் வருஷம் வேலை இருக்கும், அதை மறைக்கவில்லை. ஐப்பசி மழையில் களை முளைக்கும். மூடாக்கு இருப்பதால் வேர் இளகி வரும், நீளக் கைப்பிடி போட்ட களைக்கொத்து இருந்தால் நின்றபடியே எடுக்கலாம். வாரம் ஒருமுறை தளத்தைச் சுற்றி வந்து கண்ணில் பட்டதை எடுத்தால் போதும். இந்த வருஷம் மட்டும் மகள் வீட்டுப் பயணத்தைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூட்டிவிட்டுப் போனால் பட்ட பாடு வீண். அடுத்த மழைக்குள் டிசம்பர் பூ ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அப்புறம் மாசியில் ஒரு வெட்டு, வைகாசிக்கு முன் மட்டை குறைந்த இடத்தில் நிரப்புவது, மாதம் ஒருமுறை டிரிப் கழுவுவது, இவ்வளவுதான்.

உங்கள் கணவர் கேட்ட பவளமல்லியைத் தாராளமாக வைக்கலாம். தளத்துக்குப் பக்கத்தில் மரமா என்று சிலர் தயங்குவார்கள், காலையில் பூ கொட்டிக் கிடக்கும், பெருக்க வேண்டும் என்று. அது எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஏழாவது இடம் என்று மேற்குப் பாத்தியில் விட்டுவைத்தேன் இல்லையா, அதை வடமேற்கு மூலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, வைகாசி, ஆனியில் வடமேற்கில்தான் இறங்கும். அந்த மூலையில் பத்து, பன்னிரண்டு அடிக்கு ஒரு சிறு மரம் நின்றால் சாயங்கால வெயிலை மறைத்துத் தளத்தில் நிழல் விழும். மார்கழியில் சூரியன் தென்மேற்கில் மறையும்போது அந்த மரம் வெயிலைத் தடுக்காது. பூவில் பெரும்பகுதி பாத்தியின் மேல் விழும். மூன்றடிச் செடியாக வாங்கி, ஆடிக் காற்றுக்கு மேற்குப் பக்கம் ஒரு மூங்கில் ஊன்றித் துணிநாடாவால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இரண்டாம் வருஷம் அந்த மூங்கிலை எடுத்துவிட வேண்டும்.